மூன்றாவது ஆள்

லக்ஷ்மிபாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்புகளில், கீழ்த்தளத்து ஜன்னல் திண்டில் அலைபேசியைச் சாய்த்து வைத்து ஊரில் உள்ளவர்களோடு வீடியோ அழைப்பில் பேசுகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். எதிரே இருப்பவர் முகம் வாய் திறந்தபடி உறைந்துபோனால், அலைபேசியை நான்கு விரற்கடை தள்ளி வைப்பார்கள். படம் ஓடத் தொடங்கிவிடும். டவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சுவரும் அப்படியே. மாறியது எட்டு சென்டிமீட்டர்தான்.

அந்த எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஊரில் 4ஜி சேவை ஓடும் அலைவரிசைகளில் ஒன்று 1800 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் 16.7 சென்டிமீட்டர் என்று வரும். அதில் பாதி 8.3. டவருக்கும் கீழ்த்தளத்து ஜன்னலுக்கும் நடுவே பெரும்பாலும் நேர்ப்பாதை இருப்பதில்லை. எதிர் பிளாக்கின் சுவரில் பட்டு, நிறுத்தி வைத்த காரின் கூரையில் பட்டு, கிழக்குக் கித்வாய் நகரில் எழும்பி நிற்கும் புது அடுக்குமாடிகளில் பட்டு, வேப்பமரத்து இலைகளில் சிதறி, பல வழிகளில் அலை வந்து சேர்கிறது. ஒவ்வொரு வழியின் நீளமும் வேறு. ஒன்றின் முகடும் இன்னொன்றின் முகடும் ஒரே நேரத்தில் விழுந்தால் சிக்னல் வலுக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்து விழுந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அரை அலைநீளம் நகர்ந்தால் போதும், இந்தச் சேர்க்கை அடியோடு மாறிவிடும். அலைபேசியை அசைக்காமல் வைத்திருந்தாலும் நிம்மதி கிடையாது. வாசலில் ஒரு கார் புறப்பட்டால் அலைகளின் வழிகள் மாறிவிடுகின்றன. பொறியாளர்கள் இதை ஃபேடிங் என்பார்கள். நாம் தேய்வு என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கான கணிதம் வானொலி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1880-ல் ராலே பிரபு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரே சுருதியில், ஆனால் முன்பின் ஒழுங்கின்றி அதிரும் ஏராளமான அதிர்வுகளை ஒன்றாகக் கூட்டினால், கிடைக்கும் மொத்த வலிமை எப்படிப் பரவியிருக்கும்? அவர் மனதில் இருந்தது ஒலி. ஹெர்ட்ஸ் தன் ஆய்வகத்தில் மின்காந்த அலையை உண்டாக்கிக் காட்ட இன்னும் சில ஆண்டுகள் பாக்கி இருந்தன. ஆனால் அன்று அவர் கண்ட பரவல்தான், நேர்ப்பாதை இல்லாத நகரத் தெருக்களில் அலைபேசி சிக்னல் ஏறி இறங்குவதற்கான முதல் மாதிரியாக இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பின்னால் ரைஸும் நாககாமியும் வேறு பரவல்களைத் தந்தார்கள். நேர்ப்பாதையும் சிதறலும் கலந்த இடங்களுக்கு ரைஸ் தந்தது பொருந்தும். கீழ்த்தளத்து ஜன்னலுக்கு ராலே போதும்.

ராலே பரவலில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். சிக்னலின் சராசரி வலிமை எவ்வளவாக இருந்தாலும் சரி, நூறு தருணங்களில் ஏறத்தாழ ஒரு தருணம் அது சராசரியின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போவது நூற்றில் ஒன்பதரை தருணங்களில் நடக்கும். திரையில் எத்தனை கோடு காட்டினாலும் அது சராசரியைத்தான் காட்டுகிறது. பிழைகள் பிறப்பது பள்ளங்களில்.

எண்களில் பார்த்தால் இதன் கொடுமை தெரியும். சிக்னல் இரைச்சலைப்போலப் பத்து மடங்கு இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு பிட்டையும் அலையின் இரு நேரெதிர் நிலைகளில் ஒன்றாக அனுப்பும் எளிய முறை. தேய்வே இல்லாத, கம்பி இழுத்ததுபோன்ற நிலையான பாதையில் சுமார் இரண்டரை லட்சம் பிட்டுக்கு ஒன்று தவறாகப் போகும். அதே சராசரி வலிமையை வைத்துக்கொண்டு பாதையை மட்டும் ராலே தேய்வாக மாற்றினால், 43 பிட்டுக்கு ஒன்று தவறு. வலிமையைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தால், பத்து மடங்கு கூட்டினால் பிழையும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். பழைய இரண்டரை லட்சத்தை எட்ட வேண்டுமானால் ஆறாயிரம் மடங்குக்கும் மேல் வலிமை தேவை. 4ஜி அலைபேசி அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் ஒலிபரப்புகிறது. ஆறாயிரத்தால் பெருக்கினால் 1,200 வாட். காதோரம் வைக்கிற காரியமா அது?

சத்தமாகக் கத்துவது பயன்படாத இடத்தில் இன்னொரு வழியைத் தேடுவதே புத்தி. 1920-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் பெவரேஜும் பீட்டர்சனும் கடல் கடந்து வரும் சிற்றலைச் சிக்னல்களைப் பிடிக்க, ஒன்றுக்கொன்று நல்ல தொலைவு விட்டு ஆன்டெனாக்களை நட்டார்கள். ஒரு ஆன்டெனாவில் சிக்னல் பள்ளத்தில் கிடக்கும்போது இன்னொன்றில் அப்படி இருக்க வேண்டியதில்லை. 1931-ல் அந்த ஏற்பாட்டை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழும் வாய்ப்பு நூறில் ஒன்று இல்லை, நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. சிக்னல் இரைச்சலைப்போல நூறு மடங்கு என்றால், ஒற்றைப் பாதையில் சுமார் 400 பிட்டுக்கு ஒரு பிழை. இரு பாதைகளையும் அவற்றின் வலுவுக்கு ஏற்றபடி எடைபோட்டுச் சேர்த்தால் சுமார் 54,000-க்கு ஒன்று. இனி வலிமையைப் பத்து மடங்கு கூட்டினால் பிழை நூறில் ஒன்றாகும். இந்தச் சரிவின் செங்குத்தைத்தான் டைவர்சிட்டி வரிசை என்கிறார்கள். பிழை அளவு பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் இடமிருந்து வலமாக இறங்கும் வளைகோடுகள் வரிசையாக இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது கோடு எங்கே தொடங்குகிறது என்பதை அல்ல. எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதை.

இந்தக் கதையில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. பொள்ளாச்சியில் பிறந்து, இளம் வயதில் கடற்படையில் சேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், கடற்படை அதிகாரியாகவே தில்லி ஐஐடிக்குப் படிக்க வந்தார். அங்கே பி.வி. இந்திரேசனின் வழிகாட்டுதலில் 1973-ல் முனைவர் பட்டம் பெற்றார். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அரவிந்தோ மார்க்கில் தெற்கே போனால் ஹௌஸ் காஸில் அந்த வளாகம். இந்தியக் கடற்படைக்கு அப்ஸோ என்ற சோனார் கருவியை உருவாக்கியவர் அவர். பின்னால் ஸ்டான்ஃபோர்டு போனார். ஒரே அலைவரிசையில் கலந்து வரும் சிக்னல்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தபோது, சிதறல் இந்தப் பிரிப்பைக் கெடுப்பதற்குப் பதிலாக எளிதாக்குவதைக் கவனித்தார். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே நேரத்தில் பல தரவு ஓட்டங்களை அனுப்பலாம் என்ற அந்த யோசனைக்குத் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் மைமோ. இன்று வைஃபை பெட்டியில் கொம்பு கொம்பாக நிற்பவற்றுக்கும் 5ஜி டவரில் தொங்கும் பலகைக்கும் மூலம் அங்கே இருக்கிறது. 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

டவரில் எத்தனை ஆன்டெனா வேண்டுமானாலும் மாட்டலாம். கைக்குள் அடங்கும் கருவியில் எட்டு எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எத்தனை வைப்பது? சட்டைப்பையில் போடும் உணரியிலோ மின்கட்டண மீட்டருக்குள் இருக்கும் மோடத்திலோ ஒன்றுக்கு மேல் பேச்சே இல்லை. சொந்தமாக இரண்டாவது ஆன்டெனா இல்லாதவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவருடையதைக் கடன் கேட்பார்.

கூட்டுறவுத் தகவல்தொடர்பு பிறந்தது இங்கேதான். கேட்ட செய்தியைக் கைமாற்றி அனுப்பும் ரிலே ஒன்றை நடுவே வைத்த மூன்று முனைப் பாதையை 1971-ல் வான் டெர் மியூலன் அறிமுகப்படுத்தினார். 1979-ல் தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமாலும் அதன் கொள்ளளவுத் தேற்றங்களை எழுதினார்கள். இரண்டுமே தகவல் கோட்பாட்டுக்காரர்களின் விளையாட்டு மைதானமாக இருபது ஆண்டு கிடந்தன. 1990-களின் இறுதியில் செண்டோனாரிஸ், எல்சா எர்கிப், பெஹ்னாம் ஆஜாங் மூவரும் அலைபேசி வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ரிலேயாக இருந்தால் இருவருக்கும் லாபம் என்று காட்டினார்கள். அவர்களுடைய விரிவான கட்டுரைகள் 2003-ல் வந்தன. மறு ஆண்டு லேன்மன், டேவிட் சே, வொர்னல் மூவரும் எளிய நடைமுறை வழிகளை வகைப்படுத்திக் கொடுத்ததும், உலகெங்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பத்தாண்டுக்குத் தலைப்புப் பஞ்சம் தீர்ந்தது. இதில் கணிசமானது பழைய வளைகோட்டுக்குப் புதுப் பரவலைப் போட்டுப் பார்த்த வேலை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

அந்த நடைமுறை வழிகளில் முக்கியமானவை இரண்டு. இதைப் புரிந்துகொள்ள ஐஎன்ஏ மார்க்கெட்டுக்குப் போவோம். கூட்டமான ஞாயிறு காலை. இந்தக் கோடியில் நிற்கும் நீங்கள் அந்தக் கோடியில் இருக்கும் மீன்காரரிடம் "அரைக் கிலோ வஞ்சிரம்" என்று குரல் கொடுக்கிறீர்கள். அவருக்குப் பாதிதான் கேட்கிறது. நடுக்கடைக்காரர் உதவ முன்வருகிறார். அவர் இரண்டு விதமாக உதவலாம். காதில் விழுந்த ஓசையை, பக்கத்துக் கடை விலைகூவலும் கைவண்டிச் சத்தமும் உட்பட, ஒலிபெருக்கியில் அப்படியே பெருக்கிவிடலாம். இது பெருக்கி அனுப்புதல். இல்லையென்றால் தான் புரிந்துகொண்டதைத் தன் வாயால் தெளிவாகத் திருப்பிச் சொல்லலாம்: "சார் அரைக் கிலோ வஞ்சிரம் கேக்கறார்!" இது பிரித்தறிந்து அனுப்புதல்.

இரண்டாவதுதான் உயர்ந்தது என்று தோன்றும். அவர் தப்பாகக் கேட்டிருந்தால்? "சார் ஆறு கிலோ கேக்கறார்!" என்று கணீரென்று சொல்வார். ஒலிபெருக்கியில் வந்த கலங்கலான ஓசையைக் கேட்டிருந்தால் மீன்காரர் "என்ன, என்ன?" என்று சந்தேகப்பட்டிருப்பார். கணீர்க் குரலில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆறு கிலோ வெட்டத் தொடங்கிவிடுவார்.

நம் எண்களில் இது எப்படி வருகிறது? மூன்று இணைப்புகளிலும், அதாவது அனுப்புநரிடமிருந்து பெறுநருக்கு, அனுப்புநரிடமிருந்து ரிலேக்கு, ரிலேயிடமிருந்து பெறுநருக்கு, சிக்னல் சராசரியாக இரைச்சலைப்போல நூறு மடங்கு என்று கொள்வோம். ரிலே எப்போதும் சரியாகக் கேட்டால் 54,000 பிட்டுக்கு ஒரு பிழை. ஆனால் ரிலேக்குப் போகும் பாதையும் தேய்வுப் பாதைதான். அங்கேயும் 400-க்கு ஒரு பிட் தவறும். தவறிய பிட்டை ரிலே உறுதியாகச் சொல்லும்போது, பெறுநருக்கு ஒரு வழியில் 'ஒன்று' என்றும் மறு வழியில் 'பூஜ்யம்' என்றும் வரும். எது அந்த நேரத்தில் வலுவாக இருக்கிறதோ அது ஜெயிக்கும். பாதி தடவை பொய்யே ஜெயிக்கும். ஆக, சுமார் 800-க்கு ஒரு பிழை. ரிலே இல்லாமலே 400-க்கு ஒன்று இருந்தது. இத்தனை ஏற்பாடும் செய்து, கூடுதலாக ஒரு கால இடைவெளியையும் செலவழித்து, கிடைத்தது இரண்டு மடங்கு லாபம். 135 மடங்கு கிடைத்திருக்க வேண்டிய இடத்தில்! வளைகோட்டின் சரிவும் ஒற்றைப் பாதையின் சரிவுக்கே திரும்பிவிடுகிறது. இதற்குப் பிழைப் பரவல் என்று பெயர்.

மருந்து இரண்டு வகை. ஒன்று, ரிலேக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் வாலிலும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கும். பிரித்தறிந்த பிட்களிலிருந்து அந்த எண்ணை மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தினால் ரிலே பேசும், பொருந்தாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று, பெறுநருக்குப் புத்தி சொல்வது. 2007-ல் வாங், கானோ, யியானாகிஸ், லேன்மன் நால்வரும் முன்வைத்த வழியில், ரிலேயின் குரல் தனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டும் பெறுநர் பார்ப்பதில்லை. ரிலேக்கு அது எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும் என்பதையும் பார்க்கிறார். இரண்டில் எது பலவீனமோ அதற்கேற்ற எடையைத்தான் கொடுக்கிறார். இழந்த சரிவு திரும்பக் கிடைக்கிறது. லேன்மன் குழு சொன்ன இன்னொரு சிக்கனமும் உண்டு: நேரடி வழியிலேயே செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் ரிலே பேசவே வேண்டாம். பெறுநர் "வரவில்லை" என்று சொன்னால் மட்டும் பேசினால் போதும்.

இந்த எண்களை ஒவ்வொரு முறையும் கணினியில் கோடிக்கணக்கான பிட்களை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. காகிதத்திலேயே போடலாம். தொல்லை என்னவென்றால், பிழை வாய்ப்பைச் சொல்லும் கியூ சார்பு என்ற தொகையீட்டில், மாறும் அளவு தொகையீட்டின் எல்லையில் உட்கார்ந்திருக்கும். தேய்வுக்குச் சராசரி எடுக்கும்போது அது கையைக் கட்டிவிடும். 1991-ல் ஜான் கிரெய்க் அதே சார்பை வேறு வடிவில் எழுதினார். எல்லைகள் மாறாத எண்களாகி, மாறும் அளவு உள்ளே வந்துவிட்டது. சின்ன மாற்றம்தான். ஆனால் அதன் பிறகு எந்தத் தேய்வுப் பரவலுக்கும் பிழைச் சூத்திரம் எழுதுவது பெரும்பாலும் சில வரி வேலையானது. தில்லி ஐஐடியில் ரஞ்சன் குமார் மல்லிக் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணி இந்தத் துறையில்தான்: தேய்வுப் பாதைகளில் பல கிளைகளிலிருந்து வரும் சிக்னலைச் சேர்க்கும்போது பிழை எவ்வளவு என்பதற்கான சூத்திரங்கள். 2008-ல் பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இதுவரை எதிரி இரைச்சல் மட்டும்தான். கருவிக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலையும் சலசலப்பு அது. நாம் குரலை உயர்த்தினால் அது உயராது. நகரத்தில் உண்மையான எதிரி வேறு. 4ஜி, 5ஜி வலையமைப்புகளில் பக்கத்து டவரும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. அலைவரிசையை ஏலத்தில் வாங்கியவர்கள் அதை ஒரு டவருக்கு மட்டும் ஒதுக்கிவைத்துக் கட்டுப்படியாகாது. சரோஜினி நகர் கடைவீதியும் தில்லி ஹாட்டும் ஐஎன்ஏ மெட்ரோ நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் லக்ஷ்மிபாய் நகரில் மாலை நேரத்தில் எத்தனை அலைபேசிகள் ஒரே சமயம் பேசும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் ஜன்னலுக்கு வேண்டிய சிக்னலோடு வேண்டாத டவரின் சிக்னலும் வருகிறது. இது குறுக்கீடு.

குறுக்கீட்டின் சூத்திரம் அழகானது, கூடவே இரக்கமற்றது. வேண்டிய சிக்னலும் குறுக்கிடும் சிக்னலும் இரண்டுமே ராலே தேய்வில் ஏறி இறங்குகின்றன. சராசரியில் நம்முடையது குறுக்கீட்டைவிட நூறு மடங்கு என்று கொள்வோம். தொடர்பு நிலைக்க நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இரைச்சலை மறந்துவிடுவோம். தொடர்பு அறுபடும் வாய்ப்பு நான்கை நூற்றுநான்கால் வகுத்தால் வருவது, அதாவது 26-ல் ஒன்று. எல்லா டவர்களும் வலிமையை இரட்டிப்பாக்கினால்? நம் சிக்னலும் இரட்டிப்பு, குறுக்கீடும் இரட்டிப்பு. விகிதம் அதே நூறு. 26-ல் ஒன்று அப்படியே நிற்கும். வளைகோடு செங்குத்தாக இறங்கி வந்து ஓரிடத்தில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. பிழைத் தளம் என்பது இதைத்தான். அதற்குக் கீழே பணம் கொட்டினாலும் மின்சாரம் கொட்டினாலும் போக முடியாது.

அந்தத் தளத்தை உடைக்க ரிலேயால் முடியும். எல்லாவற்றையும் சரியாகக் கேட்ட ரிலே ஒன்று, அதே தரமுள்ள இரண்டாவது வழியைத் தந்தால், இரண்டும் சேர்ந்து அறுபடுவது 676-ல் ஒன்று. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். நேரடிச் செய்தி வரும்போது குறுக்கிட்ட அதே டவர், ரிலே பேசும் அடுத்த கணத்திலும் அதே வலிமையோடு குறுக்கிட்டால், 676 என்பது 351 ஆகச் சரிகிறது. மழை இரண்டு பாதையிலும் ஒன்றாகப் பெய்தால் சுற்றுவழியில் போய் என்ன பிரயோஜனம்!

ரிலே எங்கே நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். அதைக் குறுக்கிடும் டவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், அங்கே நம் சிக்னல் குறுக்கீட்டைவிடச் சராசரியில் பத்து மடங்குதான் என்று வைத்துக்கொள்வோம். ஏழு முறையில் இரண்டு முறை ரிலேக்கே எதுவும் புரியாது. சிஆர்சி பார்த்து அது ஒழுங்காக மௌனம் காத்தாலும், மொத்தத்தில் அறுபடல் 83-ல் ஒன்றுதான். இருந்தாலும் 26-ஐவிட மேல். மௌனம் காக்காமல் பெருக்கி அனுப்பும் ரிலே என்றால் குறுக்கீட்டையும் சேர்த்தே பெருக்கிப் பெறுநரிடம் ஒப்படைக்கும். போதாததற்கு, பேசும் ஒவ்வொரு ரிலேயும் வேறு யாருக்கோ புதிய குறுக்கீடு. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு அனுப்புநர், ஒரு ரிலே, ஒரு பெறுநர் என்று மூவர் மட்டுமே உலகத்தில் இருப்பார்கள். இந்த வகைக் கட்டுரைகள் மீது எனக்குள்ள பெரிய குறை அதுதான்.

இந்த மூவருக்கு வெளியே நிற்கும் நான்காவது ஆளை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு தில்லியில் ஆதாரம் தேடி அலைய வேண்டாம். அடித்தளக் கடை, உள்ளடங்கிய தங்கும் விடுதி, தடித்த சுவர் உள்ள வீடு என்று சிக்னல் எட்டாத இடங்களில் பூஸ்டர் என்ற பெட்டியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, அறைக்குள் ஒரு ஆன்டெனா, நடுவே ஒரு பெருக்கி. பெருக்கி அனுப்பும் ரிலேயின் அப்பட்டமான வடிவம். மாட்டியவருக்குக் கோடுகள் ஏறிவிடும், அவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பெட்டி எதிர்த் திசையிலும் பெருக்குகிறது. அறையில் யாரும் பேசாதபோதும் தன் சொந்த இரைச்சலை டவரை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். டவரின் காதில் இரைச்சல் மட்டம் உயர்கிறது. தூரத்திலிருந்து மெலிதாகப் பேசும் அலைபேசிகள் அந்த இரைச்சலில் மூழ்கிப்போகின்றன. உள் ஆன்டெனாவின் ஒலிபரப்பு வெளி ஆன்டெனாவில் விழும்படி மாட்டியிருந்தால், பெருக்கியதையே மறுபடி மறுபடி பெருக்கி, பெட்டி தானே ஊளையிடத் தொடங்கும். ஒருவர் வீட்டுக் கோடுகளுக்காகப் பேட்டையில் பாதிப் பேருடைய அழைப்பு அறுந்துபோகும். அவர்கள் திட்டுவது தொலைபேசி நிறுவனத்தை.

சட்டம் இதில் தெளிவாக இருந்தது. உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பதை 1933-ம் ஆண்டின் சட்டமே தடை செய்தது. 2022 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டர் வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மறுபடி நினைவூட்டியது.

பெட்டியைத் திட்டிப் பயனில்லை. அதே பெட்டி யாருடைய சொல்லைக் கேட்டு நடக்கிறது என்பதுதான் கேள்வி. அலைபேசித் தர நிர்ணயக் குழுவான 3ஜிபிபி, 4ஜியின் 10-வது வெளியீட்டிலேயே ரிலே முனைகளை வரையறுத்துவிட்டது. பெரிதாக யாரும் மாட்டவில்லை. 5ஜியில் 16-வது வெளியீட்டில், அலைபேசிக்கான சேவையும் டவரை நோக்கிய இணைப்பும் ஒரே அலையில் ஓடக்கூடிய இடைநிலை முனைகள் வந்தன. 17-ல் ஒரு கருவியே இன்னொன்றுக்கு ரிலேயாக நிற்கும் வழி வந்தது. 18-வது வெளியீட்டில் வந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: வலையமைப்பின் கட்டுப்பாட்டில் இயங்கும் பெருக்கி. உள்ளே பார்த்தால் நம் பூஸ்டர்தான். ஆனால் எப்போது விழிக்க வேண்டும், எப்போது அணைய வேண்டும், கற்றையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று டவர் கட்டளையிடும். பேச வேண்டாதபோது அது பேசாது. பக்கம் பக்கமான சூத்திரங்கள் சொன்னதை ஒரு கட்டுப்பாட்டு இணைப்பு செய்துகாட்டுகிறது.

ஒருவருடைய அலைபேசி இன்னொருவருக்கு ரிலேயாக நிற்கும் அசல் கனவு மட்டும் இன்னும் பெருமளவில் நிறைவேறவில்லை. காரணம் கணிதத்தில் இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரின் வீடியோ அழைப்புக்காக என் பேட்டரி ஏன் தீர வேண்டும்? என் கருவி வழியே போகும் அவர் செய்திக்கு யார் பொறுப்பு? அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? உலகில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேவைப்படாத இடங்களில் கூட்டுறவு ஏற்கெனவே நடக்கிறது. ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான மின்மீட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றி விடும் கண்ணி வலையமைப்புகள் அப்படிப்பட்டவை. எல்லா மீட்டரும் ஒரே முதலாளியுடையவை, யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்குள் சிக்னல் எட்டவில்லை என்றால் கடைத்தெருவில் பூஸ்டர் விலை கேட்காதீர்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அலைபேசியின் அமைப்புகளில் வைஃபை அழைப்பு என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். இந்தியாவில் ஏர்டெல் இதை முதலில் தொடங்கியதே 2019 டிசம்பரில், தில்லி வட்டாரத்தில்தான். தனிக் கட்டணம் கிடையாது. அதுவும் சரிவரவில்லை என்றால் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் உரிமத்தோடு கருவி வைக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான் இருக்கிறது.